ஜன்னல் வழியாகப் போட்ட பை

மட்டக்களப்பு டவுன் பத்திரமா இல்லையா என்று கோயில் மண்டபத்தில் கூடியிருந்த பெற்றோர்கள் கேட்டார்கள். கேட்டது எங்கள் கபடி கிளப் தலைவரை. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டேன் என்று.

விஷயம் இதுதான். திருநெல்வேலிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் அணியை மட்டக்களப்பில் ஒரு போட்டிக்கு அழைத்திருந்தார்கள். பிள்ளைகளில் ஒருத்தியும் அதுவரை கடல் தாண்டியதில்லை. தனியாக அனுப்ப மாட்டோம், கூடவே வருவோம் என்று அம்மா அப்பாக்கள். மேளத்தைத் தூக்கிக்கொண்டு நாங்களும் வருவோம் என்று இளவட்டங்கள். பாதி ஊர் கிளம்பத் தயாராக இருந்த நேரத்தில், யாரோ ஒரு புண்ணியவான் கைபேசியில் பழைய காணொளி எதையோ காட்டிவிட்டான். புகை, ஓட்டம், துப்பாக்கி. அவ்வளவுதான், எல்லார் முகமும் மாறிவிட்டது.

"நீரு கண்டக்டரா இருந்தவரு. ஆள் மூஞ்சியைப் பாத்தே எடை போட்டுருவீரு. போய்ப் பாத்துட்டு வாரும். நீரு சரின்னா எல்லாரும் போவோம், வேண்டாம்னா யாரும் போக வேண்டாம்" என்றார் தலைவர்.

அணியின் தலைவி செல்வி என் தம்பி மகள். கூட்டம் கலைந்த பிறகு மண்டபத் தூணருகே நின்றுகொண்டு, "பெரியப்பா, பாத்துச் சொல்லுங்க" என்றாள். பாத்து என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது. அவள் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா என்ன.

மட்டக்களப்பில் என்னை அழைத்துப்போக யோகராசா மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அங்குள்ள கபடிக் கழகத்தின் செயலாளர். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். கல்லடிப் பாலத்தின் மேல் போகும்போது இரண்டு பக்கமும் வாவி விரிந்து கிடந்தது. ஏரி என்று சொல்ல வாயெடுத்தேன், கடல் என்று சொல்லவும் தோன்றியது. காற்றில் உப்பும் சேறும் கலந்த வாடை. சும்மா சொல்லக்கூடாது, பயணக் களைப்பு பாதி அங்கேயே போய்விட்டது.

"உங்க வீடு நல்லா விசாலமா இருக்கு" என்றேன், வந்து இறங்கியதும்.

"வீடு என்ட இல்ல அண்ணன், அவட. இஞ்ச எல்லாம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். நாங்க வந்து இரிக்கிற ஆக்கள்" என்று மனைவியைக் காட்டினார்.

நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். அவர் மனைவி கோமளா பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. அவர் சிரிக்கவில்லை. "வாங்க அண்ணன், கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார். பிட்டும், வாவி இறால் கறியும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் ஒரு புளிக் குழம்பும். எங்கள் பக்கம் பிட்டென்றால் சர்க்கரையும் வாழைப்பழமும்தான். இறால் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும், இத்தனை வருடம் வீணாய்ப் போயிற்றே என்று மனதுக்குள் நொந்துகொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் கையோடு கொண்டுபோயிருந்த அன்பளிப்பை எடுத்து யோகராசாவிடம் கொடுத்தேன். எங்கள் ரசிகர்கள் போட்டுக்கொண்டு வரப்போகிற மஞ்சள் பனியன். மார்பில் எங்கள் கிளப்பின் சின்னம், வாயைப் பிளந்து உறுமுகிற புலி. எங்கள் பக்கத்தில் தெருவுக்கொரு கபடி கிளப்பும் கிளப்புக்கொரு புலியும் உண்டு. தலைவரின் அப்பா காலத்தில் யாரோ பெயிண்டர் வரைந்தது. பார்த்தால் கொஞ்சம் பூனை மாதிரிகூட இருக்கும்.

யோகராசா பனியனை விரித்தார். விரித்த வேகத்தில் மடித்தார், புலி உள்ளே போகும்படி. "நல்ல துணி அண்ணன்" என்று சிரித்தார். கோமளா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

"ஆனா எனக்கு இது பெருசு. நீங்களே வச்சிரிங்க, மறுகா பாத்துக்குவம்" என்று யோகராசா அதை என் பையிலேயே திரும்ப வைத்தார். ஒல்லியான மனிதர், பெரிதாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். கண்டக்டராம், மூஞ்சியைப் பார்த்தே எடை போடுவானாம்.

மாலையில் டவுனைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ஏழு மணி ஆகவில்லை, கடைத்தெருவில் பாதிக் கடைகளின் இரும்புக் கதவு இறங்கிவிட்டது. திருநெல்வேலி டவுனில் அந்த நேரத்துக்குத்தான் ஜவுளிக்கடை வாசலில் நிற்க இடம் கிடைக்காது. இங்கே ஒரு கொத்துரொட்டிக் கடையின் தகட்டுச் சத்தமும், இரண்டு நாய்களும், தெரு நடுவில் அசைபோட்டபடி ஒரு மாடும்தான்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம் அடைச்சிட்டாங்க? ஏதாவது பயமா?"

"பயமா? வாங்க ஆள் இல்ல அண்ணன். சாமான் விலை தெரியும்தானே. சும்மா லைட்டை எரிச்சிட்டு இரிந்து என்ன செய்ய" என்றார். "பொடியன்கள் பாதிப்பேர் வெளிநாட்டில. மிச்சப் பேர் போறதுக்கு நிக்காங்க."

"ரசிகர்கள் வந்தா பிரச்சினை ஒண்ணும் இல்லையே?"

"ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் சிரித்துக்கொண்டே. அதே சிரிப்பு, பனியனை மடித்தபோது சிரித்தாரே, அது.

மறுநாள் என் வேலையைத் தொடங்கினேன். கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்து, ஊர் பத்திரமா என்று கேட்பது. முதலில் ஓர் ஆட்டோக்காரர். அவர் யோசித்துவிட்டு, "நாய்க்குக் கவனமா இரிங்க. இரவையில மாடு றோட்டில படுத்திரிக்கும். வாவிக்குள்ள இறங்காதீங்க, முதலை இரிக்கு" என்றார்.

"மனுசங்களைப் பத்திக் கேட்டேன்."

"மனிசரா" என்றவர், ஒரு தேவாலயத்தைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கினார். "அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, இதுக்குள்ள குண்டு வெடிச்ச அண்டைக்கு, நானும் இந்த றோட்டாலதான் வந்தன். அதுக்குப் பிறகு என்னட்ட ஆரும் இந்தக் கேள்வி கேட்டா என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியா அண்ணன். இண்டைக்கு ஒண்டும் இல்ல. அதுதான் சொல்லலாம்."

மதியம் காத்தான்குடி போனேன். சாலை நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள். ஒரு துணிக்கடை முதலாளி உட்காரவைத்து, இஞ்சி போட்ட பிளேன்டீயும் ஒரு துண்டு மஸ்கட்டும் கொடுத்தார். நம்மூர் அல்வாவை இவர்கள் இந்தப் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருட்டில் கொடுத்தால் நானே ஏமாந்துவிடுவேன், அவ்வளவு பதம்.

"நானா, ரசிகர்கள் ஒரு பஸ் நிறைய வருவாங்க. பயப்படாம வரலாமா?" என்றேன். நானா என்றால் அங்கே அண்ணன்.

"வரட்டும் தம்பி, வந்தா எங்களுக்கும் ரெண்டு சாரன் விக்கும்" என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "வாறவங்க ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருவாங்க. நாங்க இஞ்சதானே இருக்கணும்" என்றார். பழமொழி மாதிரி ஏதோ சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு மஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் யோகராசா என்னைப் பழுகாமத்துக்குக் கூட்டிப்போனார். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வாவியின் மேற்குக் கரைக்கு வந்தால் நிலத்தின் குணமே மாறிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். அதை வட்டை என்கிறார்கள். கோமளாவின் குடும்பத்துக்கும் அங்கே கொஞ்சம் வட்டை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது அவர் தம்பி நிரோசன், சுருக்கமாக நிரோ. இருபத்தைந்து வயது, முழங்கால் வரை சேறு, காதில் பாட்டுக் கேட்கும் கருவி.

மர நிழலில் உட்காரவைத்து எருமைத் தயிரும் பாணி என்கிற இனிப்புப் பாகும் கொடுத்தான். கரண்டியை நட்டால் நட்டபடி நிற்கும் தயிர். கத்தாருக்கு வேலைக்குப் போவதாக இருந்தது என்று யோகராசா சொல்லியிருந்ததால், எப்போது பயணம் என்று விசாரித்தேன்.

"பொலிஸ் ரிப்போட் வரணும். வரல்ல. வந்தாத்தான் விசா" என்றான்.

"ஏன் வரலை?"

அவன் மச்சானைப் பார்த்தான். மச்சான் வயலைப் பார்த்தார். "போன வருசம் உங்கட நாட்டு ஆக்கள் கரப்பந்து பாக்க வந்தவங்க. நான்தான் மேளம் எடுத்துக் குடுத்த. நல்லா அடிச்சாங்க" என்றான் நிரோ. நான் கேட்டதற்கும் அவன் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. நம்ம ஆட்களின் மேளத்தைப் புகழ்கிறான் என்று பூரித்துப்போய், எங்கள் பையன்கள் அதைவிடப் பிரமாதமாக அடிப்பார்கள் என்று சொன்னேன். அவன் சிரித்தான். அந்த வீட்டு ஆண்களுக்குச் சிரிப்பு ஒரு வேலி மாதிரி என்று இப்போது தெரிகிறது.

நாலாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோகராசாவின் கூடவே சுற்றினால் ஊரின் உண்மை முகம் எப்படித் தெரியும்? தனியாகப் போக வேண்டும். சில ஆட்டங்கள் தெற்கே பெரியகல்லாற்று மைதானத்தில் நடக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்க நானே பஸ்ஸில் போகிறேன் என்று கிளம்பினேன். "பஸ் விசயத்தை எனக்கா சொல்லித் தரப்போறீங்க" என்று வீறாப்பாக வேறு பேசினேன்.

கல்முனை பஸ் வந்து நின்றது. நல்ல கூட்டம். ஏறுகிற வாசலில் பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடை, அரிசி மூட்டை. கை தானாக வேலை செய்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாக என் பையை ஒரு காலி இருக்கையில் போட்டேன். சீட் போடுவது. எங்கள் ஊரில் துண்டு, பை, குடை, சமயத்தில் குழந்தையைக்கூட அப்படிப் போடுவார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் அதற்காகப் பயணிகளைத் திட்டித் தீர்த்தவன் நான். ஓய்வு பெற்றதும் நானும் அதையே செய்கிறேன்.

பையைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் பஸ் அமைதியாகிவிட்டது.

கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. அந்த இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து முன்னால் இருந்தவர் எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து, பிள்ளைகளின் கையைப் பிடித்து, இரண்டு வாசல் வழியாகவும் இறங்கினார்கள். மீன் கூடையை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்கள். ஓட்டுநர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். எல்லாரும் தள்ளிப் போய் நின்று அந்த ஒரு ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் தன் தம்பியின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். அதை யாரும் அவளுக்கு அந்த நேரத்தில் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, அது என் பைதான், சீட் போட்டேன்" என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சீட் போடுறது எண்டா என்ன?" என்றார்.

சீருடைக்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். என்னையே பையை எடுத்துவரச் சொல்லித் திறக்கச் சொன்னார்கள். வேட்டி, சோப்பு டப்பா, சர்க்கரை நோய் மாத்திரை, பாதி தின்ற மஸ்கட். கடைசியில் மஞ்சள் பனியன். இளம் அதிகாரி ஒருவர் அதை விரித்தார். புலி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது. அப்போதுதான் யோகராசா ஏன் அதை மடித்தார் என்று புரிந்தது.

எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. இந்தத் தீவில் அந்த மிருகத்தின் படத்துக்கு என்ன கனம் என்று செய்தித்தாள் படிக்கிற எவனுக்கும் தெரியும். ஆனால் இது எங்கள் புலி. சந்தைப்பேட்டை மைதானத்துப் புலி. அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தால் அது எங்கள் புலியாகவே இருக்காது என்று எனக்கும் தோன்றவில்லை, பனியன் அடிக்கப் பணம் கொடுத்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"கபடி" என்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு கபடி கபடி கபடி என்று கையை நீட்டிக் காட்டினேன். என் வயதுக்கும் தொப்பைக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அந்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். யோகராசாவுக்குத் தகவல் போனது. அவர் வியர்த்து வழிய வந்து, இவர் எங்கட ஆள்தான், நான்தான் கூப்பிட்ட என்றார்.

"வீடு யாரோட பேர்ல?"

யோகராசா ஒரு நொடி தயங்கினார். "மனைவிட பேர்ல" என்றார். கோமளாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பையைத் திருப்பிக் கொடுத்து, கவனமாகப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் கிளம்பிப் போயிருந்தது. நான் பெரியகல்லாற்றை அன்றைக்குப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோமளா எல்லாவற்றையும் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். இந்த நான்கு நாளில் அவர் என் எதிரில் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

"அண்ணன், நீங்க வந்த நாள்ல இரிந்து ஊரெல்லாம் கேட்டுத் திரியிறீங்க, பத்திரமா பத்திரமா எண்டு. ஆட்டோக்காரன்ட கேட்டீங்க, காத்தான்குடியில கேட்டீங்க. உங்களுக்குச் சோறு போடுற என்னட்ட ஒருக்கா கேக்கல்ல."

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"போன வருசம் வந்த ஆக்கள் இந்த வீட்டுலதான் தங்கின. நல்ல பொடியன்கள். என்னை அக்கா அக்கா எண்டுதான் கூப்பிடுவாங்க. வெண்ட சந்தோசத்துல டவுனுக்குள்ள ஒரு தலைவர்ர படத்தைத் தூக்கிக்கிட்டு, உங்கட ஊர்ல கத்துற மாதிரிக் கத்திக்கிட்டுப் போனாங்க. வீடியோ எடுத்துப் போட்டாங்க. அவங்கட ஊர்ல அதுக்குக் கை தட்டியிருப்பாங்க. விடிய எழும்பி பிளேன் ஏறிட்டாங்க."

"மறுகா?" என்றேன். பிறகு என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் என் வாயில் வந்துவிட்டது.

"மறுகா என்ன. மேளம் ஆரு குடுத்த? வேன் ஆரு பிடிச்ச? எண்டு கேட்டு வந்தாங்க. தம்பியைக் கூப்பிட்டாங்க. அடிக்கல்ல, ஏசல்ல. கூப்பிட்டு வச்சிக் கேப்பாங்க, விடுவாங்க, திரும்பக் கூப்பிடுவாங்க. அவன்ட ரிப்போட் அதாலதான் நிக்கிதா, வேற எதுக்கும் நிக்கிதா, ஆருக்கும் தெரியா. தெரியாததுதான் அண்ணன் வருத்தம்." அவர் குரல் கொஞ்சமும் ஏறவில்லை, வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல்தான். "வந்த பொடியன்கள்ல ஒருத்தன் ஒருக்கா போன் கோல் எடுத்து, அக்கா, நீங்க சுகமா இரிக்கீங்களா எண்டு கேக்கல்ல. அவங்களுக்குத் தெரியவும் தெரியா."

யோகராசா வாசலில் நின்றபடி, "விருந்தாளிட்ட இதையெல்லாம் சொல்லி" என்று இழுத்தார்.

"நீங்க சொல்ல மாட்டீங்க. அதாலதான் நான் சொல்லுறன்" என்றார் கோமளா. "என்ட பேரைத்தான் எழுதியிரிக்காங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம், என் மேலேயே. ஒரு ஊர் எங்களுக்குப் பத்திரமா என்று பார்க்கக் கடல் தாண்டி வந்தேன். நாங்கள் அந்த ஊருக்குப் பத்திரமா என்று ஒரு ஆளாவது யோசித்தோமா? யோசிக்கவில்லை. பயம் எங்கள் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலையே எங்கள் கிளப் தலைவரிடம் கைபேசியில் பேசினேன்.

"ஊரு பத்திரமா வே?"

"பத்திரந்தான் அண்ணாச்சி. நாமதான் சரியில்ல." நடந்ததையெல்லாம் சொன்னேன். "பனியன் வேண்டாம். கொடி, படம், கோசம் எதுவும் வேண்டாம். உக்காந்து பாப்போம், கை தட்டுவோம், வருவோம்."

"எங்கப்பா காலத்துப் புலி வே அது. அதைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் போகணும்னா அப்படி ஒண்ணும் போக வேண்டாம். வந்து சேரும்" என்று வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் செல்வி அழைத்தாள். அவள் குரல் கம்மியிருந்தது. "போகலைன்னு சொல்லுதாவளே பெரியப்பா." அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், நிரோவைப் பற்றியும். அவள் கேட்டுவிட்டுக் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏறிப் போய்த் தொட்டுட்டு வரது புலியா பெரியப்பா? நாந்தான போறேன். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பனியன் போதும். நாங்க போய்த் தலைவர் தாத்தா வீட்டு வாசல்ல உக்காருதோம்."

உட்கார்ந்தார்களாம், அணி மொத்தமும். சாப்பிட வரமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். தலைவரின் வீட்டுக்காரம்மாவும் கூட உட்கார்ந்துவிட்டாராம். மறுநாள் காலையில் தலைவர் எனக்கு அழைத்து, வேறொன்றும் சொல்லாமல், "வெள்ளையில அழுக்குச் சீக்கிரம் தெரியும் வே" என்று மட்டும் சொன்னார். சரி என்று அர்த்தம்.

புறப்படும் அன்று கோமளாவிடம் போய் நின்றேன். "டீச்சர், இப்போ உங்ககிட்டத்தான் கேக்கேன். நாங்க வரலாமா?"

அவர் என் பையைத் திறந்து, ஒரு துணிச் சுருளை எடுத்து அடியில் வைத்தார். மஞ்சள் பனியன், எனக்குத் தெரியாமல் எடுத்து, துவைத்து, தேய்த்து, புலி உள்ளே இருக்க மடித்தது. "இது உங்கட ஊர்ல போடுங்க. அங்க இது வடிவாத்தான் இரிக்கும்" என்றார். பிறகு, "வாங்க அண்ணன். பொம்புளப் புள்ளைகள் எல்லாம் இந்த வீட்டுலயே தங்கட்டும். ஒண்டே ஒண்டு. போன பிறகு மறந்திராதீங்க. ஒவ்வொரு நாளும் ஒருக்கா கோல் எடுங்க. நாங்க பத்திரமா எண்டு கேளுங்க."

அணி போய் விளையாடிவிட்டு வந்தது. நானும் போனேன். அரையிறுதியில் தோற்றோம், நடுவர் சரியில்லை, அதைப் பேசினால் கட்டுரை நீளும். செல்வி ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பியபோது, எங்கள் இளவட்டம் ஒருத்தன் தன்னை மறந்து எழுந்து வாயைத் திறந்தான். என்ன கத்தப்போகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் இடுப்பு வேட்டியை எட்டிப் பிடித்து உட்காரவைத்தேன். அவன் திரும்பி முறைத்தான். நான் மைதானத்து ஓரத்தைக் காட்டினேன். அங்கே நிரோ நின்றுகொண்டிருந்தான், எங்களுக்காக மேளம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இந்த வருடமும். நான் சொல்லியிருந்த கதை நினைவுக்கு வந்து பையன் முகம் மாறியது. கையை மட்டும் தட்டினான், வலிக்கிற அளவுக்குத் தட்டினான்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, முதல் வேலையாகக் கோமளாவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன்.

மூன்றாவது முறை எடுத்தார். "பள்ளிக்கூடத்துல நிண்ட அண்ணன், அதுதான்."

"டீச்சர், நீங்க எல்லாரும் பத்திரமா? யாராவது வந்தாங்களா?"

"இல்ல. இண்டைக்கு ஒருத்தரும் வரல்ல. தம்பி வட்டைக்குப் போயிட்டான்."

நான் மூச்சை விட்டேன். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

"சரி டீச்சர், வச்சிடட்டுமா?"

"ஓம் அண்ணன்" என்றார். பிறகு, நான் வைப்பதற்குள் அவசரமாக, "நாளைக்கும் எடுங்க" என்றார்.